அவர் கேட்ட ஒரு வாரம்

செய்தி வந்தபோது நான் என் வீட்டுச் சந்திலேயே காருக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். காலை ஏழேகால் மணி. முன்னால் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட வந்த கார்கள் வரிசையாக நின்றன. பின்னால் போகவும் வழியில்லை, எங்களுடையது முட்டுச்சந்து. வாரத்தில் ஐந்து நாளும் இதே கதை என்பதால் எரிச்சல்படக்கூடத் தெம்பில்லாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் அலுவலகக் குழுவில் கதிரவன் எழுதியிருந்தார்: "காலி ஸ்கூல் சோமு அண்ணன் இன்னிக்குக் காலைல தவறிட்டாராம். புக்கிட் பாத்தோக்ல அவங்க புளோக் கீழயே வச்சிருக்காங்க. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து போவோமா?"

கதிரவனைக் குறை சொல்லமாட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பட்டப்பெயர் அலுவலகத்தில் ஊறிப்போயிருந்தது. அண்ணனின் முழுப்பெயர் சோமசுந்தரம் என்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான். அதனால் அழவேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. முகம் எரிந்தது. முன்னால் நின்ற கார் இரண்டு அடி நகர்ந்தது, நானும் இரண்டு அடி நகர்ந்தேன்.

நினைவு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். என்னால் ஒரு பக்கத்தில் முடிக்க முடியாது. பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். கடைசியில்தான் விஷயம் இருக்கிறது.

பழையவர்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தேக்காவில், கடைவீட்டு மாடியில் இருக்கும் நம் கட்டட வரைவு அலுவலகத்தில் அண்ணன் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தார். பழைய தரைவீடு ஒன்றைப் பார்த்து, அதை வாங்கி இடித்துவிட்டுத் தம் விருப்பப்படி புதுவீடு கட்ட நினைக்கிறவர்கள் நம்மிடம் வருவார்கள். அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த அக்கம்பக்கம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டு வருவது அண்ணனின் வேலை. ஒவ்வோர் இடத்துக்கும் ஏழு தடவை போவார். காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, குப்பை வண்டி வரும் நேரத்தில் ஒன்று, நல்ல மழையில் ஒன்று. ஏழாவது தடவை எதையும் குறிப்பாகப் பார்க்காமல் சும்மா நடப்பதற்கு. "நல்ல எடம்னு சொல்றதுக்கு ஒரு நாள் போதும். நல்லா இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் ஏழு நாள் வேணும்" என்பார். வாடிக்கையாளர்கள் அவசரப்படுவார்கள், நம் பாஸ் அவரை அவசரப்படுத்துவார். அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு எட்டாவது தடவைகூடப் போவார்.

மழைத் தடவைக்கு ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு பல் மருத்துவர், காரை நிறுத்தத் தரைக்குக் கீழே ஒரு தளம் வைத்து வீடு கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். விற்கிறவரோ இந்தப் பக்கம் தண்ணீரே நிற்காது என்று சத்தியம் செய்யாத குறை. கொட்டுகிற மழையில் நாங்கள் இருவரும் ஒரே குடைக்குள் நின்றோம். லொங்காங்கில், தெருவோரத் திறந்த வடிகாலில், தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழேதான் ஓடியது. அண்ணன் தண்ணீரைப் பார்க்கவில்லை, கேட்டுகளைப் பார்த்தார். அந்த வரிசையில் எல்லா வீட்டுக் கேட் தூணிலும் இரண்டு பக்கமும் இரும்புக் காடி பதித்திருந்தது.

"இது என்ன அண்ணே, டிசைனா?" என்றேன்.

"பலகை செருகறதுக்கு வாணி. தண்ணி உள்ள வராம இருக்க. இப்ப நம்ம ஆளு வீட்டு கேட்டப் பாரு."

பார்த்தேன். விற்கிறவரின் கேட் தூணில் மட்டும் காடி இருக்கவேண்டிய இடத்தில் புது சிமெண்ட் பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தது. அண்ணன் கோபப்படவில்லை. "பாவம், அவருக்கும் விக்கணும்ல" என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். மழையில் மை கரைந்து அவர் சட்டைப் பையெல்லாம் நீலம்.

வீட்டுச் சொந்தக்காரர்களிடம் அவர் எதுவும் கேட்கமாட்டார். அவர்கள் விலையை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுவார்கள் என்பது அவர் எண்ணம். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தப் பேட்டையிலேயே குடியிருப்பவர் மாதிரி நடப்பார். நாயை நடத்திக்கொண்டு போகும் பணிப்பெண்களிடம் மலாயில் பேச்சுக்கொடுப்பார். வடிகால் சுத்தம் செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகளிடம் ஊர் விசாரித்துக்கொண்டே, இந்தத் தெருவில் எங்கே அடைப்பு அதிகம் என்று கறந்துவிடுவார். அடுத்த வீட்டுச் செம்பருத்தி இலையை விரலால் துடைத்து, ஒட்டிய கரியை முகர்ந்து பார்ப்பார். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பார். அந்தப் பக்கத்தில் 'பிரச்சினை இல்லை' என்ற சொல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. இன்னது இருக்கிறது, இதோடு உங்களால் வாழ முடியுமா பாருங்கள் என்றுதான் முடிப்பார்.

ஒரு வாடிக்கையாளர் தம் மனைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புல்வெளி இருக்கிறது, காலத்துக்கும் காற்று வரும் என்று பூரித்துப்போய் வந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சார், சிங்கப்பூர்ல காலி எடம்னு ஒண்ணு கெடையாதுலா. என்ன செய்யறதுன்னு இன்னும் முடிவு பண்ணாத எடம், அவ்ளோதான்." அந்த மனிதர் முகம் சுருங்கிப் போனார். இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். இதைச் சொன்ன ஆள்தான் ஒரு காலிப் பள்ளிக்கூடத்தைக் கோட்டைவிட்டார் என்று இத்தனை ஆண்டுகளாக நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி என் கதை.

எங்கள் அடுக்குமாடி வீட்டை நாங்கள் முந்திக்கொண்டு விற்றுவிட்டோம். அடுத்தது கிடைக்கும் வரை கேலாங்கில் என் நாத்தனார் வீட்டு ஒற்றை அறையில் நான், சாங்கி விமானச் சரக்குப் பிரிவில் வேலை செய்யும் என் கணவர் சேகர், இரண்டு பெண்கள். இரண்டு மாதம் என்று சொல்லிப் போனது பதினோரு மாதம் ஆயிற்று. பகலில் மெத்தையைத் தூக்கி அலமாரியில் சாய்த்தால்தான் நடக்க இடம். பெரியவள் இஸ்திரிப் பலகையில் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சமையலறைக்குப் போகவேண்டுமென்றால் நாத்தனாரின் மாமியார் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நாத்தனார் தங்கமானவர், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஆனால் நான் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், "என்ன அண்ணி, இன்னிக்கு எதாச்சும் வீடு பாத்தீங்களா?" என்று கேட்பார். அக்கறையாகத்தான் கேட்பார். எனக்கு அந்தக் கதவைத் திறக்கவே பயமாகிவிட்டது. ரயிலைவிட்டு இறங்கிப் பத்து நிமிடம் நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டுப் போவேன். வீடு வீடாக வரைந்து கொடுப்பவளுக்குக் காலை நீட்ட இடமில்லை.

அப்போதுதான் இந்த முட்டுச்சந்து வீடு வந்தது. பழைய ஒற்றை மாடி இணைப்பு வீடு. சந்தின் கடைசி. பின்னால் ஒரு பழைய தொடக்கப்பள்ளியின் திடல். அந்தப் பள்ளியை வேறொன்றோடு இணைத்துவிட்டுக் கட்டடத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய பச்சை, அவ்வளவு அமைதி. நான் அந்த இடத்தில் நின்று மூச்சுவிட்டேன். பதினோரு மாதத்தில் அதுதான் முதல் மூச்சு என்று தோன்றியது. முன்பணம் கட்டி, வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் நிறுத்திவைக்கும் ஆப்ஷன் வாங்கினோம். பதினான்கு நாள்களுக்குள் கையெழுத்துப் போடவேண்டும். சேகர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க சோமு அண்ணன் ஓகே சொல்லணும். அவர் சொன்னா கண்ண மூடிட்டுப் போடறேன்."

அண்ணன் எனக்காகச் சம்பளமில்லாமல் தம் சொந்த நேரத்தில் போனார். பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அவரிடமிருந்து கைப்பேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. இருபத்திரண்டு விநாடி. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"வாணி, அண்ணன் பேசறேன். அஞ்சு தடவ போயிட்டேன். மத்ததெல்லாம் சரிதான். பின்னால அந்த ஸ்கூல் காலியா கெடக்கறதுதான் எனக்குப் பிடிக்கல. யாரும் வரமாட்டாங்கங்கறாரு அங்க காவலுக்கு இருக்கறவரு. ஆனா புல்லு வெட்டறாங்க, கரண்ட்டும் கட் பண்ணல. ஒரு வாரம் குடு, கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போட்றாதீங்க."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏஜெண்டிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருக்கலாம். கேட்டுப் பார்க்கவே இல்லை. சேகரிடம் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. நாத்தனார் வீட்டுக் குளியலறையில் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு வாரமெல்லாம் கெடையாது. திங்கக்கெழம போடலன்னா கைய விட்டுப் போயிடும். வேற ஆளு காத்திருக்காங்களாம்."

"போனா போகட்டும்மா. வேற பாத்துக்கலாம்."

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு வீடு இருக்கு. இன்னும் ஒரு வாரம் இந்த ரூம்ல இருந்தேன்னா நான் பைத்தியமாயிடுவேண்ணே. அவரு நீங்க சொன்னாத்தான் போடுவாரு. நாளைக்கு வந்து ஓகேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அழாத வாணி" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். நாத்தனார் வடை சுட்டுவைத்தார். அண்ணன் இஸ்திரிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார், சாய்த்துவைத்த மெத்தையைப் பார்த்தார். சேகர், "எப்படிண்ணே இருக்கு எடம்?" என்று கேட்டார். அண்ணன் வடையைப் பிய்த்துக்கொண்டே, "நல்ல எடம்தான் தம்பி. ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். யாரிடமும் சொல்லாத சொல். பாதித் தேநீரை வைத்துவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். குடையை மறந்துவிட்டுப் போய், லிஃப்ட் வரை போனவர் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். என்னை அவர் பார்க்கவே இல்லை.

பழைய வீட்டை இடித்தோம், புது வீட்டை நானே வரைந்தேன். கட்டி முடியும் வரை நாத்தனார் வீட்டு அறைதான் என்றாலும், அவர் கேட்கும் கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. பின்பக்கச் சுவர் முழுவதும் ஜன்னல். படுக்கையறைகள் மூன்றும் திடலைப் பார்த்தபடி. சமையலறை மேடையில் நின்றால் பச்சை தெரியவேண்டும் என்று தொட்டியையே அந்தப் பக்கம் திருப்பினேன். அந்த அமைதிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. புதுமனை புகுவிழாவுக்கு நீங்களெல்லாம் வந்தீர்கள், ஜன்னலைப் புகழ்ந்தீர்கள். அண்ணன் பின்பக்கம் போய்த் திடலைப் பார்த்தபடி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் குடிபோன நான்காவது மாதம் அந்தப் பள்ளிக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு மேசை நாற்காலிகள் வந்தன. வேறொரு பள்ளியின் கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்களாம். அது முடியும் வரை சில ஆண்டுகளுக்கு அந்தப் பள்ளி இங்கே இயங்கும். அது போனால் வேறொரு பள்ளிக்கும் இந்தக் கட்டடம் தேவைப்படலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு மணி அடிக்கிறது, ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள், இசைக்குழு எக்காளம் ஊதிப் பழகுகிறது. நான் வரைந்த ஜன்னல்களை நானே சாத்திவைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறேன். பள்ளியின் பக்கவாசல் எங்கள் சந்தின் கடைசியில்தான் திறக்கிறது. காலையில் முக்கால் மணி நேரம், மத்தியானம் முக்கால் மணி நேரம் எங்கள் சந்தில் ஒரு சைக்கிள் போக இடமிருக்காது. சின்னவளுக்கு ஒருநாள் மூச்சிரைப்பு வந்தபோது சேகர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே பெரிய சாலைக்கு ஓடினார். அவள் பிழைத்தாள். ஆனால் அந்த ஓட்டத்தை நான் மறக்கவில்லை. விற்றுவிட்டுப் போகலாமே என்பீர்கள். இடித்துக் கட்டிய வீட்டை அவ்வளவு சுலபமாக விற்க முடியாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அன்று மருத்துவமனையில் சேகர் கேட்டார்: "உங்க அண்ணன் ஏழு தடவ போய்ப் பாப்பாருன்னியே. இத எப்படிப் பாக்காம விட்டாரு?"

நான், "கவனிக்காம விட்டுட்டாரு போல" என்றேன். அவ்வளவுதான். மூன்று சொல்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அதையே திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. ஒருநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். உங்களில் பலர் இருந்தீர்கள். என் சந்துக் கதையை நான் கைகால் ஆட்டிச் சொன்னேன். "எங்க அண்ணன் இலையத் துடைச்சு மோந்து பாப்பாரு, லொங்காங்கக் குனிஞ்சு பாப்பாரு, ஆயிரம் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலு மட்டும் கண்ணுல படல! இனிமே அவரு பேரு காலி ஸ்கூல் சோமு!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து நிமிர்ந்தால் மாடிப்படியில், பிளாஸ்டிக் பையில் கோப்பியைத் தொங்கவிட்டபடி அண்ணன் நிற்கிறார். அவர்தான் பேசினார். "ஆமாலா, கண்ணு மங்கிப்போச்சு" என்று சிரித்தார். அந்த நேரத்தில் என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருப்பேன். அவர் கோப்பியைக் குவளையில் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

பாஸும் அன்று சிரித்தவர்களில் ஒருவர். இரண்டு மாதத்தில் அண்ணனை வெளியே அனுப்புவது நின்றது. அக்கம்பக்கம் பார்ப்பதைக் கணினியிலேயே வரைபடம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பின்னறையில், ஜன்னலில்லாத அந்த அறையில், பழைய வரைபடங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும் வேலை அவருக்கு. ஓய்வுபெறும் வரை இரண்டரை ஆண்டு. குடையைக் கொண்டுவருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அதை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்காருவார். மழை பெய்யும் சத்தம் கேட்டால் எழுந்து நடைபாதை வரை வந்து, படியின் உச்சியில் நின்று கீழே பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். என் மேசை படிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் திரையைவிட்டுத் தலையைத் தூக்கமாட்டேன்.

ஒருநாள் பாஸ் சொன்னதால் பழைய வரைபடம் ஒன்றை எடுக்க அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் என் வீட்டில் எதையோ எடுக்கவேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது மணி ஒன்றரை. சந்து அடைத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் அவரும் நானும் மட்டும், கண்ணாடி ஏற்றிய காருக்குள்.

அவர் என் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "மேல ஜன்னலெல்லாம் ஏன் சாத்தியிருக்கு?"

"ஏர்கான் ஓடுதுண்ணே."

"நல்லா வரஞ்சிருக்க." கொஞ்ச நேரம் கழித்து, "நான் இன்னும் ரெண்டு தடவ போயிருக்கணும் வாணி" என்றார்.

என்னிடம் அவர் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம். காருக்குள் வேறு யாரும் இல்லை. என் கணவர் இல்லை, நீங்கள் இல்லை. 'உங்களைப் போகவிடாமல் செய்தவள் நான்தானே' என்று சொல்லியிருக்கலாம். "விடுங்கண்ணே, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். என் தவறுக்கு நான் அவரைப் பெரிய மனது பண்ணி மன்னித்தேன். அவர் தலையை ஆட்டினார். முன்னால் ஒரு சின்னப் பெண் முதுகில் பெரிய பையோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். "பிள்ளைங்க பை ரொம்பக் கனம் இப்பல்லாம்" என்றார்.

அவர் ஏன் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு வந்துவிடுமே என்ற பயம். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்ததும் அந்தத் தைரியத்தில் வாழப் பழகிவிட்டேன். வாசல் பக்கம் கார்கள், பின்பக்கம் மணியோசை, உள்ளே இந்தப் பொய். ஐந்து ஆண்டாக இப்படித்தான்.

செய்தி வந்த அன்று மாலை நாம் எல்லோரும் புக்கிட் பாத்தோக் போனோம். புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் மனைவி பார்வதி அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அழுது ஓய்ந்த முகம்.

"அந்த ஸ்கூல் போயிடுச்சா வாணி?" என்று கேட்டார். கணவரைக் கிடத்தியிருக்கும்போது அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னும் இல்லக்கா."

"போகணும்னு தினம் சொல்லிட்டிருப்பாரு. பேப்பர்ல ஸ்கூல் சேதி வந்தா உங்க ஸ்கூலான்னு பாப்பாரு. முப்பது வருசத்துல ஒரே ஒரு தடவதான் கோட்ட விட்டேன், அதுவும் நம்ம வாணிக்குன்னு சொல்லுவாரு. அந்தக் கவல அவர விடவே இல்லம்மா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அவரு வேணும்னு பண்ணல."

மனைவியிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. அக்கா தம் கணவருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கதிரவனும் உங்களில் சிலரும் பக்கத்தில் நின்றீர்கள். நான் எழுந்து வெளியே வந்து, மின்தூக்கிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துக்கம் தாங்கவில்லை போல என்று நினைத்து உங்களில் யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தீர்கள்.

மறுநாள் காலை சேகரும் என்னோடு காரில் வந்தார். வழக்கம்போல் சந்தில் நின்றோம். நான் கைப்பேசியை எடுத்து அந்தக் குரல்பதிவைப் போட்டேன். இத்தனை ஆண்டில் மூன்று கைப்பேசி மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைப் பத்திரமாகப் புதியதற்கு ஏற்றிக்கொண்டேன். அழிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. அண்ணனின் குரல் காருக்குள் நிறைந்தது. சேகர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"இது எப்ப?"

"நீங்க கையெழுத்துப் போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

அவர் முன்னால் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வட சாப்பிடறப்ப அவரு என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. ஏன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். பிறகு பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து இறங்கி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துபோய்விட்டார். சந்து திறக்கும் வரை நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அவர் என்னோடு பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறார். பார்வதி அக்காவிடம் நேற்று நேரில் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். சோமசுந்தரம் அண்ணன் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். புல் வெட்டியிருப்பதைப் பார்த்தார், மின்சாரம் துண்டிக்கப்படாததைப் பார்த்தார், போடாதே என்று சொன்னார். முப்பது ஆண்டில் ஒரு தடவைகூட அவர் எதையும் கோட்டைவிடவில்லை. அந்தப் பட்டப்பெயரை இனி யாரும் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அதை எனக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொருத்தமாக இருக்கும்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது குடையும் இல்லை, குறிப்பேடும் இல்லை. அந்தக் குரல்தான். அதையும் இன்று காலை நம் அலுவலகக் குழுவில் போட்டுவிட்டேன். கேளுங்கள். இருபத்திரண்டு விநாடிதான். அதில் அண்ணன் என்னிடம் ஒரு வாரம் கேட்கிறார். நான் கொடுக்கவில்லை.